நீர்க்கணக்கு அறிந்த மேதை

நீங்கள் வாழும் ஊரில் மழை எந்தத் திங்களில் பெய்கிறது? அந்த நீர் எந்த ஆற்றைச் சென்று சேர்கிறது? இவ்வினாக்களைத் தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பி விடை கண்டவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

கருநாடகத்தில் சிக்கபள்ளாபூருக்கு அருகிலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் பயின்றபோது, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்துத் தம் செலவை ஈடுசெய்தார். 1881இல் பட்டம் பெற்றபின் புணேயில் பொறியியல் கற்று, 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையில் சேர்ந்தார்.

தக்காணப் பகுதியில் மழை குறைவு. கால்வாயின் தலைமடையில் இருந்தோர் நிலம் முழுவதும் கரும்பு பயிரிட்டு, அளவின்றி நீர் பாய்ச்சினர். அங்கே நிலம் சேறாகிக் கெட்டது. கடைமடைப் பயிரோ வாடியது. இந்நிலையை மாற்ற விசுவேசுவரய்யா ஒரு முறை வகுத்தார். பாசன நிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் கரும்பையும், மற்றவற்றில் நீர் குறைவாகத் தேவைப்படும் பயிர்களையும் சுழற்சி முறையில் விளைவிக்கச் செய்தார். நீரா கால்வாயில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. முதலில் எதிர்த்த உழவர்களும் பின்னர் அதன் பயனை உணர்ந்தனர்.

புணேக்கு அருகிலுள்ள கடக்வாசலா ஏரியில், மழைக்காலத்தில் மிகுந்த நீர் கலிங்கின் வழியே வீணாயிற்று. 1903இல் அங்கே தாமே திறந்து மூடும் மதகுக் கதவுகளை அமைத்தார். அணையின் உயரத்தைக் கூட்டாமலே கூடுதல் நீர் தேங்கியது.

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் ஐதராபாத்தில் மூசி ஆறு கரை கடந்தது. பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் நின்ற புளியமரத்தில் ஏறியவர்களில் சுமார் 150 பேர் உயிர் தப்பினர். அம்மரம் பின்னாளிலும் போற்றப்பட்டது. அப்போது ஐரோப்பியப் பயணத்தில் இருந்த விசுவேசுவரய்யாவை நிசாம் அரசு உதவிக்கு அழைத்தது.

1909இல் அங்கு வந்த அவர், உடனே கரையை உயர்த்தத் தொடங்கிவிடவில்லை. முதலில் மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியை ஆராய்ந்தார், மழைப்பதிவுகளைத் திரட்டினார். அங்கிருந்த 788 ஏரிகளில் 221 ஏரிகள் உடைந்திருந்தன. ஓர் ஏரி உடைய, அதன் நீர் அடுத்த ஏரியையும் உடைத்திருந்தது. வெள்ளத்தின் காரணம் நகருக்குள் இல்லை, நகருக்கு மேலே இருக்கிறது என்பது தெளிவாயிற்று. எனவே மேற்பகுதியில் இரு நீர்த்தேக்கங்கள் கட்டப் பரிந்துரைத்தார். அவ்வாறு எழுந்தவையே உசுமான் சாகர், இமாயத் சாகர் ஆகியவை. அழிவைத் தந்த நீர், நகரின் குடிநீர் ஆயிற்று.

அவருடைய கணக்கின் அடிப்படை எளியது. ஒரு எக்டேர் நிலத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு இலட்சம் லிட்டர் நீர் விழுகிறது. அதில் ஒரு பகுதியை மண் உறிஞ்சும். ஒரு பகுதி ஆவியாகும். எஞ்சியதே ஆற்றுக்கு ஓடிவரும். அந்த ஓடுநீரின் அளவு தெரிந்தால்தான் எவ்வளவு தேக்கலாம், எத்தனை நிலத்துக்குப் பாய்ச்சலாம் என்று திட்டமிட முடியும்.

பின்னர் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளரான அவர், காவிரியின் குறுக்கே கிருட்டிணராச சாகர் அணையைத் திட்டமிட்டார். 1911இல் பணி தொடங்கியது. அதன் நீரால் மாண்டியாவின் வறண்ட நிலங்களில் நெல்லும் கரும்பும் விளைந்தன. அதே காவிரிதான் தமிழ்நாட்டிலும் பாய்கிறது. மேல்மடையில் ஒருவர் எடுக்கும் நீரின் கணக்கு கீழ்மடையில் மற்றொருவரின் வாழ்வு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1912 முதல் 1918 வரை மைசூர் திவானாகப் பணியாற்றிய அவருக்கு 1955இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. நூறாண்டு வாழ்ந்து 1962இல் மறைந்தார். அவர் பிறந்த செப்டம்பர் 15ஆம் நாளை நாடு பொறியாளர் நாளாகக் கொண்டாடுகிறது.

சொற்பொருள்
தலைமடை – கால்வாய் நீர் முதலில் பாயும் இடம்
கடைமடை – கால்வாய் நீர் இறுதியில் பாயும் இடம்
கலிங்கு – ஏரியின் மிகுதி நீர் வெளியேறும் வழி
நீர்ப்பிடிப்புப் பகுதி – பெய்யும் மழை ஓர் ஆற்றை வந்தடையும் நிலப்பரப்பு

பயிற்சி
1. கடைமடைப் பயிர் வாடியதற்குக் காரணம் யாது?
2. விசுவேசுவரய்யா மூசி ஆற்றின் மேற்பகுதியை ஏன் ஆராய்ந்தார்?
3. 2 எக்டேர் நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் நீர் விழும்?
4. நீங்கள் வாழும் ஊரின் ஆறு அல்லது ஏரியைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.