ஒரு கோயிற் கதவைத் திறந்த கையொப்பம்



பிரான்சு நாட்டிலே தெய்சே என்றொரு சிற்றூர் உண்டு. அங்கிருந்து பரவிய அமைதியான செபப் பாடல்களால் நம் இளையோர் பலர் அப்பெயரை அறிவர். சுவிற்சர்லாந்திலிருந்து வந்த சகோதரர் ரொஜரும் அவரோடிணைந்த சில புரட்டஸ்தாந்து இளைஞர்களும் அவ்வூரில் துறவற வாழ்வைத் தொடங்கியிருந்தனர். ஊரின் பழைமையான கத்தோலிக்கக் கோயிலிலே செபிக்க அவர்கள் விரும்பினர். 1948ஆம் ஆண்டு பெந்தகோஸ்துக் காலத்தில் அதற்கு அனுமதி கிடைத்தது. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் ஒரே கோயிலைப் பயன்படுத்தலாம் என்ற அந்த அனுமதியில் கையொப்பமிட்டவர், பிரான்சில் திருத்தந்தையின் தூதுவராயிருந்த ஆயர் ஆஞ்செலோ ரொங்கால்லி.

இதிலென்ன வியப்பு என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிற சபையாரின் வழிபாட்டில் பங்குகொள்வது கத்தோலிக்கருக்கு விலக்கப்பட்டிருந்த காலம் அது. ஒன்றிப்புக்காகக் கூட்டப்படும் மாநாடுகளிற் கத்தோலிக்கர் கலந்துகொள்ளலாகாது என்று 1928இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் கட்டளையிட்டிருந்தார். சபை விட்டுச் சபை மணமுடித்த குடும்பங்களுக்கே அதன் வலி நன்கு தெரியும்.

ரொங்கால்லிக்கும் அவ்வலி தெரிந்திருந்தது. 1881இல் இத்தாலியின் பேர்கமோவுக்கு அருகே ஏழை உழவர் குடும்பத்திற் பிறந்த அவர், 1904இல் குருவானார். 1925இல் ஆயராகப் பல்கேரியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆர்த்தடாக்ஸ் சபையினர் பெரும்பான்மையாய் வாழ்ந்த அந்நாட்டிற் கத்தோலிக்கர் சிறு மந்தையே. 1928இல் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அழிவுற்ற ஊர்களுக்கு அவரே சென்று, சபை பாராது உதவி வழங்கினார்.

கசப்பும் அங்கேதான் வந்தது. ஆர்த்தடாக்ஸ் மன்னர் போரிஸ், கத்தோலிக்க இளவரசி ஜியோவன்னாவை 1930இல் அசிசி நகரிற் கத்தோலிக்க முறைப்படி மணந்தார். பிறக்கும் பிள்ளைகள் கத்தோலிக்கராய் வளர்க்கப்படுவர் என்று வாக்குறுதியும் தரப்பட்டது. ஆனால் நாடு திரும்பியதும் ஆர்த்தடாக்ஸ் பேராலயத்தில் மற்றொரு திருமணச் சடங்கு நிகழ்ந்தது. 1933இற் பிறந்த மகளும் அச்சபையிலேயே திருமுழுக்குப் பெற்றாள். உரோமைக்கும் அரண்மனைக்கும் இடையே நின்ற ரொங்கால்லிக்கு அது பெருந்துயர். எனினும், 1934ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் விடைபெற்றபோது, பல்கேரியர் எவரும் தம் வீட்டுக் கதவைத் தட்டலாமென்றும், கத்தோலிக்கரா ஆர்த்தடாக்ஸா என்று தாம் வினவப்போவதில்லையென்றும் அம்மக்களுக்கு அறிவித்துச் சென்றார். அந்த உள்ளமே பதினான்கு ஆண்டுகளின் பின் தெய்சேக் கோயிலுக்குக் கையொப்பமிட்டது.

துருக்கி, கிரேக்கம், பிரான்சு, வெனிஸ் எனப் பணியாற்றிய அவர், 1958 ஒக்டோபர் 28ஆம் நாள் திருத்தந்தையானார். 23ஆம் அருளப்பர் என்று நம் மூத்தோர் அழைத்தவர் இவரே. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து ஆக்கிய விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தபின், மற்றச் சபையார் நெடுங்காலம் வழங்கிய யோவான் என்னும் பெயரையே நாமும் எழுதி வருகிறோம். அவர் இதை அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே எண்ணுகிறேன்.

1959 ஜனவரி 25இல், கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரத்தின் இறுதி நாளிலே, பொதுச்சங்கத்தைக் கூட்டப்போவதாக அறிவித்தார். 1960இல் ஒன்றிப்புக்கென ஒரு செயலகத்தை நிறுவி, கர்தினால் பெயாவிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் கன்ரபெரிப் பேராயர் ஜெப்ரி பிஷர் வத்திக்கானுக்கு வந்து அவரைச் சந்தித்தார். அங்கிலிக்கன் சபை பிரிந்த நாள்முதல் நிகழ்ந்திராத சந்திப்பு அது. 1962இற் சங்கம் தொடங்கியபோது பிற சபைகளின் பார்வையாளர்கள் புனித பேதுரு பேராலயத்தினுள்ளே அமர்ந்திருந்தனர். அவர்களிடையே சகோதரர் ரொஜரும் இருந்தார்.

தெய்சேச் சகோதரர்களைத் திருத்தந்தை மறக்கவில்லை. 1963 பெப்ரவரியில், கடும் நோயுற்றிருந்த நிலையிலும், ரொஜரை வரவேற்றார். திருச்சபை விரிந்துகொண்டே செல்லும் வட்டங்களைப் போன்றது என்று கைகளால் வரைந்து காட்டினார்.

பிற சபையினரோடு சேர்ந்து செபிக்கக் கத்தோலிக்கரைத் தூண்டிய சங்க ஏடு 1964 நவம்பரில் வெளிவந்தது. அதைக் காண அவர் இருக்கவில்லை. 1963 ஜூன் 3ஆம் நாள், பெந்தகோஸ்துப் பெருவிழாவின் மறுநாளான திங்கட்கிழமை மாலை, இறைவனடி சேர்ந்தார்.