மேரி ரீபி

மேரி ரீபி (மே 12, 1777 – மே 30, 1855) ஆஸ்திரேலியாவின் தொடக்ககால வணிகர்களுள் ஒருவர் ஆவார். இங்கிலாந்திலிருந்து நியூ சவுத் வேல்சுக்குக் கைதியாகக் கப்பலில் நாடு கடத்தப்பட்ட இவர், பின்னாளில் சிட்னியின் செல்வந்தர்களுள் ஒருவராக உயர்ந்தார். 1994 இல் வெளியிடப்பட்ட 20 ஆஸ்திரேலிய டாலர் நாணயத்தாளில் இவரது உருவப்படம் இடம்பெற்றது.

இளமையும் நாடு கடத்தலும்

இங்கிலாந்தின் லங்காசயர் மாவட்டத்திலுள்ள பெரி என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் மோலி ஏடொக். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். வீட்டை விட்டு வெளியேறிய மேரி, ஆண் உடையில் ஜேம்ஸ் பரோ என்னும் பெயருடன் இருந்தபோது குதிரைத் திருட்டுக் குற்றச்சாட்டில் கைதானார். இவர் பெண் என்பது பின்னரே தெரியவந்தது. இசுட்டாஃபர்டு நீதிமன்றம் ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை விதித்தது. ராயல் அட்மிரல் என்னும் கப்பலில் 1792 அக்டோபரில் சிட்னியை அடைந்தபோது இவருக்கு வயது 15. அக்டோபர் 8, 1792 இல் கப்பலில் இருந்தவாறே தம் அத்தைக்கு எழுதிய கடிதம் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

திருமணமும் வணிகமும்

1794 இல் கப்பல் அதிகாரியான தாமஸ் ரீபியை மணந்தார். இவர்களுக்கு ஏழு பிள்ளைகள். தானிய வணிகத்திலும் கப்பல் போக்குவரத்திலும் இருவரும் ஈடுபட்டனர். தாமஸ் 1811 இல் இறந்த பின், மேரி தனியே தொழிலை நடத்தி விரிவுபடுத்தினார். நியூ சவுத் வேல்ஸ் வங்கி 1817 இல் சிட்னியில் இவருக்குச் சொந்தமான கட்டடத்திலேயே தொடங்கப்பட்டது.

மறைக்கப்பட்ட வருகை

1820 இல் இரண்டு மகள்களுடன் இங்கிலாந்து சென்று, பிறந்த மண்ணைக் கண்டு, அடுத்த ஆண்டு சிட்னி திரும்பினார். 1828 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 1821 இல் சுதந்திரமாக வந்தவர் எனத் தம்மைப் பதிவு செய்தார். 1821 இல் இவர் கட்டணப் பயணியாக வந்தது உண்மையே. ஆயினும் 1792 இல் கைதியாக வந்த முதல் வருகை அப்பதிவில் இடம்பெறவில்லை. கைதி என்னும் அடையாளம் குடும்பத்திற்கே களங்கமாகக் கருதப்பட்ட காலம் அது.

1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலரது வழித்தோன்றல்கள் நெடுங்காலம் தம் மூதாதையரின் தண்டனையை அறியாதிருந்தனர். கணக்கெடுப்பை மட்டும் நம்பினால் மேரியும் சுதந்திரக் குடியேறியாகவே தோன்றுவார். ஆகவே மூதாதையரைத் தேடுவோர், தண்டனை பெற்ற இடம், நாள், காலம் ஆகியவற்றைத் தரும் கப்பல் கைதிப் பட்டியல்களையும் நீதிமன்றப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. மாற்றுப் பெயர்களையும் எழுத்து வேறுபாடுகளையும் கருத்திற்கொள்வது இன்றியமையாதது. ஆஸ்திரேலியக் கைதி ஆவணங்கள் 2007 இல் யுனெசுகோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

வழித்தோன்றல்கள்

மேரியின் மூத்த மகன் தாஸ்மானியாவில் கட்டிய என்டலி இல்லம், கொல்கத்தாவின் என்டலி பகுதியின் பெயரைத் தாங்கியுள்ளது. பேரன் தாமஸ் ரீபி 1876–1877 காலத்தில் தாஸ்மானியாவின் முதல்வராகப் பணியாற்றினார். மேரி, சிட்னியின் நியூடவுன் பகுதியில் தமது 78 ஆம் அகவையில் காலமானார்.