இரண்டு விரல்களால் உலகைக் கவர்ந்த கித்தார் மேதை

கித்தார் வாசிக்க இடது கையில் எத்தனை விரல்கள் வேண்டும்?

நான்கு விரல்கள் வேண்டும் என்பார்கள், தெரிந்தவர்கள். கட்டை விரல், கித்தாரின் கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும். மற்ற நான்கு விரல்களும் தந்திகளை அழுத்தும். வலது கை தந்தியை மீட்டும்.

ஆனால், ஒரு மனிதர் இரண்டே விரல்களால் தந்தியில் ஓடினார். நான்கு விரல்களும் நன்றாக உள்ளவர்கள் திகைத்து நிற்கும் வேகத்தில் ஓடினார்!

அவர்தான் ஜாங்கோ ரெயின்ஹார்ட்.

ஐரோப்பாவில் பிறந்த ஜாஸ் இசைக் கலைஞர்களில் தலைசிறந்தவர் என்று போற்றப்படுகிறவர். அவருடைய வாழ்க்கை, கதைகளில் வருவதைவிட ஆச்சரியமானது.

கூண்டு வண்டியில் பிறந்தார்

1910-ம் ஆண்டு ஜனவரி மாதம் 23-ந் தேதி, பெல்ஜியம் நாட்டில் லிபெர்ஷி என்ற கிராமத்தில் ஜாங்கோ பிறந்தார். அவருடைய இயற்பெயர் ழான் ரெயின்ஹார்ட்.

பெற்றோர் ரோமா இனத்தைச் சேர்ந்தவர்கள். "ஜிப்சி"கள் என்று மற்றவர்கள் அழைக்கும் நாடோடி மக்கள். குதிரை பூட்டிய கூண்டு வண்டிதான் அவர்களுக்கு வீடு. வண்டி எங்கே நிற்கிறதோ, அதுதான் ஊர்!

தந்தை இசைக் கலைஞர். தாய் நடனக்காரி. ஊர் ஊராகச் சென்ற குடும்பம், பிறகு பிரான்சு நாட்டின் தலைநகரான பாரீஸ் நகரின் ஓரத்தில் தங்கியது.

ஜாங்கோ பள்ளிக்கூடம் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தார்.

12 வயதில் அவருக்கு ஒரு வாத்தியம் கிடைத்தது. அதன் பெயர் பாஞ்சோ. கித்தாரைப் போலவே ஆறு தந்திகள் கொண்ட பாஞ்சோ அது. மற்றவர்கள் வாசிக்கும்போது அவர்களுடைய விரல்களைக் கூர்ந்து கவனிப்பார். பிறகு அதை அப்படியே வாசித்துக் காட்டுவார். அதுதான் அவருடைய பாடம்!

சிறுவனாக இருந்தபோதே பாரீஸ் நடன விடுதிகளில் வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார்.

1928-ம் ஆண்டில் அவருடைய வாசிப்பு முதல் முறையாக இசைத்தட்டில் பதிவாகியது. அதில் அவர் பெயர் தப்பாக அச்சாகி இருந்தது.

அந்த ஆண்டிலேயே, ஜாக் ஹில்டன் என்ற புகழ் பெற்ற ஆங்கிலேய இசைக் குழுத் தலைவர், ஜாங்கோவின் வாசிப்பைக் கேட்டார். தம் குழுவில் சேர்ந்துகொள்ளும்படி அழைத்தார்.

18 வயது வாலிபனுக்கு இதைவிட என்ன வேண்டும்? லண்டன் நகரம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஆனால், விதி வேறு விதமாக விளையாடியது.

நள்ளிரவில் நெருப்பு!

1928-ம் ஆண்டின் கடைசிப் பகுதி. குளிர் தொடங்கும் காலம்.

ஜாங்கோ அப்போது மணமானவர். மனைவி பெல்லா, செயற்கைப் பூக்கள் செய்து விற்பார். அந்தப் பூக்கள் செல்லுலாய்டு என்ற பொருளால் ஆனவை. அது நெருப்புப் பொறி பட்டாலே குபீர் என்று பற்றிக்கொள்ளும்.

ஒரு நாள் இரவு, வாசிப்பு முடிந்து ஜாங்கோ வண்டிக்குத் திரும்பினார். வண்டி நிறையப் பூக்கள் குவிந்து கிடந்தன. மெழுகுவர்த்தியின் நெருப்பு, பூக்கள் மீது பட்டுவிட்டது.

அடுத்த கணம், வண்டி முழுவதும் தீ!

கணவனும் மனைவியும் உயிர் தப்பினார்கள். ஆனால், ஜாங்கோவின் உடலில் வலது பக்கம் வெந்துவிட்டது. இடது கையும் கருகியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அவருடைய வலது காலை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். ஜாங்கோ சம்மதிக்கவில்லை. கால் பிழைத்தது. நாளடைவில், தடி ஊன்றி நடக்கத் தொடங்கினார்.

கை?

இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருண்டு மடங்கிவிட்டன. தசை நார்கள் வெந்து சுருங்கியதால், அவற்றை நிமிர்த்த முடியவில்லை. ஆள்காட்டி விரலும் நடு விரலும் மட்டுமே மிஞ்சின.

வாத்தியக்காரனுக்கு விரல்தானே சோறு போடுகிறது? அந்த விரலே போய்விட்டால் என்ன செய்வது?

லண்டன் வாய்ப்பும் போய்விட்டது. படிப்பும் இல்லை. வேறு தொழிலும் தெரியாது.

தம்பி கொடுத்த கித்தார்

ஜாங்கோவுக்கு ஜோசப் என்று ஒரு தம்பி இருந்தார். அவரும் கித்தார் வாசிப்பவர். அண்ணன் படுத்துக் கிடப்பதைப் பார்த்த அவர், ஒரு புதிய கித்தாரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜாங்கோ அதை எடுத்தார்.

பழைய விரல் பழக்கம் எதுவும் இனி உதவாது. நான்கு விரல்கள் செய்த வேலையை, இரண்டு விரல்கள் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் முதலில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். நடக்கத் தெரிந்தவன் மறுபடியும் தவழ்ந்து பழகுவது போல!

சுமார் ஒன்றரை ஆண்டு காலம் சிகிச்சையும் பயிற்சியுமாகக் கழிந்தது. அவர் மீண்டும் வெளியே வந்தபோது, பழைய ஜாங்கோவாக வரவில்லை. புதிய வித்தையோடு வந்தார்.

இரண்டு விரல் வித்தை

அது என்ன வித்தை?

வீணையில் உள்ளதைப் போல, கித்தாரின் கழுத்திலும் வரிசையாக மெட்டுகள் உண்டு. மற்றவர்கள் கையை ஓர் இடத்தில் வைத்துக்கொண்டு, மெட்டுக்கு ஒரு விரலாக நான்கு விரல்களையும் பரப்பிக்கொள்வார்கள். கை அசைய வேண்டியதில்லை. விரல் மட்டும் அசைந்தால் போதும்.

ஜாங்கோவால் அது முடியாது. ஆகவே, அவர் கையையே ஓட விட்டார். கழுத்தின் அடியில் இருந்து உச்சி வரை, தந்தியின் நீளத்திலேயே கை வழுக்கி ஓடும். ஒரு தந்தியில் இரண்டு சுரம், அடுத்த தந்தியில் இரண்டு சுரம் என்று குறுக்காக ஏறி இறங்குவார். சில இடங்களில், ஒரே விரலை இழுத்துக்கொண்டு போய், வரிசையாகப் பல சுரங்களை உதிர்ப்பார்.

மடங்கிப் போன இரண்டு விரல்களையும் அவர் சும்மா விடவில்லை. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டிய இடத்தில், கடைசித் தந்திகளை அழுத்த அவற்றையும் பயன்படுத்தினார்.

வலது கையும் அதற்கு ஈடு கொடுத்தது. மணிக்கட்டை வளைத்து, கை கித்தாரின் மேல் படியாமல், சிறிய தகட்டால் தந்தியை மீட்டினார். அடி ஒவ்வொன்றும் கணீர் என்று விழும்.

விரல் வேகம் என்பது விரல்களின் எண்ணிக்கையில் இல்லை. வீண் அசைவு இல்லாமல் இருப்பதில்தான் இருக்கிறது. எந்த விரல் எப்போது எங்கே போக வேண்டும் என்பது கைக்குப் பழகிவிட வேண்டும். அதற்கு, மெதுவாகத் தொடங்குவதே வழி. மெதுவாகச் சுத்தமாக வாசிக்க வராததை, வேகமாகச் சுத்தமாக வாசிக்க முடியாது. கித்தார் ஆனாலும், தடித்த தந்திகள் கொண்ட பாஸ் கித்தார் ஆனாலும், விதி ஒன்றுதான்.

ஐந்து பேர் கொண்ட குழு

1931-ம் ஆண்டில், துலோன் என்ற துறைமுக நகரத்தில் ஜாங்கோ தங்கி இருந்தார். அங்கே எமில் சாவிட்ரி என்ற ஓவியர், அமெரிக்க நீக்ரோ இன மேதையான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ ஜாஸ் இசையில் மனத்தைப் பறிகொடுத்தார்.

1934-ம் ஆண்டில் பாரீசில் ஓர் ஓட்டலில் வாசித்தபோது, ஸ்டெபான் கிராப்பெல்லி என்ற பிடில் வித்வானும் அவரும் மேடைக்குப் பின்னால் விளையாட்டாகச் சேர்ந்து வாசித்தார்கள். விளையாட்டு வினை ஆயிற்று. அதுவே உலகப் புகழ் பெற்ற இசைக் குழுவாக மலர்ந்தது!

குழுவில் ஒரு பிடில், மூன்று கித்தார்கள், ஒரு பெரிய பாஸ் பிடில். பாஸ் வாசித்தவர் லூயி வோலா. மூன்று கித்தார்களில் ஒன்று தம்பி ஜோசப்புடையது. மேளம் கிடையாது, ஊதுகுழல் கிடையாது. தந்தி வாத்தியங்களை மட்டுமே கொண்டு ஜாஸ் வாசித்தது, அந்த நாளில் புதுமை.

எழுதப் படிக்கத் தெரியாத ஜாங்கோவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர், இந்தக் கிராப்பெல்லிதான்.

யுத்த காலம்

1939-ம் ஆண்டு செப்டம்பரில் உலக யுத்தம் மூண்டது. குழு அப்போது இங்கிலாந்தில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். ஜாங்கோ பாரீசுக்குத் திரும்பினார்.

மறு ஆண்டு ஜெர்மன் படை பாரீசைப் பிடித்தது. ரோமா மக்களுக்கு அது எமகண்டம். ஹிட்லரின் ஆட்சி, யூதர்களைப் போலவே ரோமா மக்களையும் லட்சக்கணக்கில் கொன்று குவித்தது.

அந்த இருண்ட நாட்களில்தான், 1940-ம் ஆண்டில், "மேகங்கள்" என்று பொருள்படும் "நுவாஜ்" என்ற இசையை ஜாங்கோ படைத்தார். பிரெஞ்சு மக்கள் அதைத் தங்கள் சோகத்தின் குரலாகவே கேட்டார்கள்.

1943-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்றார். ஜெர்மானியரிடம் பிடிபட்டார். பிடித்த அதிகாரி, அவருடைய இசையை ரசிப்பவராக இருந்ததால் விடுதலை கிடைத்தது! மறுபடியும் முயன்றபோது, சுவிஸ் எல்லைக் காவலர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரை அப்போது காப்பாற்றியது, அந்த இரண்டு விரல்கள்தான் என்று சொன்னால் மிகை இல்லை.

குறையும் உண்டு

மேதைகளிடமும் குறை உண்டு. ஜாங்கோவுக்கு நேரம் தவறாமை என்பதே தெரியாது. சூதாட்டத்தில் பணத்தைத் தொலைப்பார். சில நாட்களில் கச்சேரிக்கே வர மாட்டார்.

1946-ம் ஆண்டில், டியூக் எலிங்டன் என்ற பெரிய இசைத் தலைவரோடு அமெரிக்காவில் சுற்றுப் பயணம் செய்தார். நியூயார்க் நகரின் கார்னகி மண்டபத்தில் இரண்டு இரவு வாசிப்பு. முதல் இரவு பாராட்டு குவிந்தது. இரண்டாம் இரவு, மண்டபம் நிறைந்து காத்திருக்க, ஜாங்கோ மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தார்! எதிர்பார்த்த பெரிய வாய்ப்புகள் அமெரிக்காவில் அமையவில்லை. ஊர் திரும்பினார்.

1951-ம் ஆண்டில், சீன் நதிக் கரையில் உள்ள சமுவா என்ற சிற்றூரில் குடியேறினார். படம் வரைந்தார், மீன் பிடித்தார், இசையையும் விடவில்லை.

1953-ம் ஆண்டு மே மாதம் 16-ந் தேதி, வெளியூரில் இருந்து ரெயிலில் வந்து, வீடு திரும்பியபோது மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. அன்றே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 43.

அணையாத விளக்கு

ஜாங்கோ மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் டோனி அயோமி என்ற 17 வயது இளைஞர், தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி, இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். அவரும் கித்தார் வாசிப்பவர். இனி வாசிப்பே இல்லை என்று சோர்ந்து கிடந்தார். தொழிற்சாலை மேலாளர் ஒரு நாள் ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். வாசிப்பவருக்கு இரண்டு விரல்கள்தான் என்பதைப் பிறகு சொன்னார். அது ஜாங்கோவின் இசைத்தட்டு!

அயோமி மீண்டும் கித்தாரை எடுத்தார். 1968-ம் ஆண்டில் நண்பர்களோடு அவர் தொடங்கிய குழுதான், உலகப் புகழ் பெற்ற பிளாக் சபாத்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஜாங்கோவுக்குப் பெயர் வாங்கித் தந்த இசைத்தட்டுகள் எல்லாம், தீ விபத்துக்குப் பிறகு பதிவானவை. பத்து விரலும் நன்றாக இருந்தபோது அவர் பாரீஸ் நடன விடுதிகளில் ஒரு கெட்டிக்கார வாலிபர். எட்டு விரலோடு எழுந்து வந்த பிறகுதான், உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.