பாரத்தைக் குறைத்த சப்மன்

என் மேசையில் தமியா பெட்டி ஒன்று திறந்து கிடக்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவிலான லோட்டஸ் 72டி. முன்சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிரேக்கையும் இணைக்கும் மெல்லிய தண்டைக் கையில் எடுத்தால் எனக்குக் கொலின் சப்மனின் நினைவுதான் வருகிறது.

1928இல் பிறந்த ஆங்கிலேயர். கட்டமைப்புப் பொறியியல் படித்தவர். காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கராஜில், பழைய ஒஸ்டின் 7 ஒன்றைப் பிரித்துப் புதிய உடல் பூட்டியதுதான் தொடக்கம். 1952இல் லோட்டஸ் நிறுவனம் உருவானபோது முதலாகப் போட்டது ஹேசல் கொடுத்த 25 பவுண். 1957இல் வந்த லோட்டஸ் 7ஐப் பாகங்களாகவே வாங்கலாம். முழுக் காருக்கு இருந்த கொள்வனவு வரி பாகங்களுக்கு இல்லை. அதனால் கை வசதி குறைந்தவர்களும் வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் பூட்டினார்கள். எங்கள் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அது மூத்த அண்ணன்.

எஞ்சின் வலுவைக் கூட்டுவதைவிடப் பாரத்தைக் குறைப்பதே மேல் என்பது சப்மனின் கணக்கு. அவர் காலத்தில் லோட்டஸ் 7 தயாரிப்பாளர் பட்டங்களை வென்றது. ஆனால் அவருடைய ஓட்டுநர் ஜொகென் ரின்ட் 1969இலேயே அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார்: சில இறாத்தல் கூடினாலும் பரவாயில்லை, பலவீனமான பாகங்களைப் பலப்படுத்துங்கள் என்று. 1970 செப்டெம்பர் 5, மொன்சாவில் ரின்ட்டின் 72இல் முன் வலது பிரேக் தண்டு உடைந்தது. ஓடுபாதையின் தடுப்புவேலியும் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருக்கவில்லை, உண்மைதான். இருந்தும் அந்தக் கடிதத்தை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. அந்த வருடத்து உலகச் சம்பியன் பட்டம் இறந்த ரின்ட்டுக்கே போனது.

சப்மன் 1982 டிசம்பரில் மாரடைப்பால் இறந்தார். வயது 54.

வலப்பக்கத் தண்டை இன்னும் ஒட்டவில்லை.