யார் இந்த கார்ல் லார்சன்? ஒரே அறையில் மூன்று குடும்பம் - அங்கே வளர்ந்தவர் உருவாக்கிய வீட்டின் கதை

வீடு கட்டியாச்சு, பெயிண்ட் அடிச்சாச்சு, புது சோபாவும் வந்தாச்சு. ஆனாலும் ஹாலுக்குள் நுழைந்தால் ஏதோ ஃபர்னிச்சர் கடைக்குள் நுழைந்த மாதிரிதான் இருக்கிறது. இது நம்ம வீடு என்கிற நெருக்கம் மட்டும் வரவே மாட்டேங்குது. இந்தக் குறை பலருக்கும் உண்டு.

சுமார் 130 வருஷத்துக்கு முன்பு, சுவீடனில் ஒரு ஓவியரும் அவர் மனைவியும் இதற்குப் பதில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதில் புத்தகத்தில் இல்லை. அவர்கள் குடியிருந்த வீடாகவே அது இருந்தது. அந்த வீட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம். மரமும் வெளிச்சமும் எளிமையுமாக இருக்கும் அறைகளைப் பார்த்து ‘ஸ்வீடிஷ் ஸ்டைல்’ என்று இன்று உலகம் சொல்கிறதே, அதற்கு ஊற்றுக்கண்களில் ஒன்று இந்த வீடு.

அந்த ஓவியர் கார்ல் லார்சன். மனைவி காரின். இந்த வீட்டின் கதையைச் சொல்ல, முதலில் வீடே இல்லாமல் இருந்த ஒரு பையனிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

வீடு என்றாலே பயம்

1853-ம் ஆண்டு மே 28-ம் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார் கார்ல் லார்சன். பரம ஏழைக் குடும்பம். அப்பா கிடைத்த வேலையைச் செய்த கூலித் தொழிலாளி. குடிப்பார், கத்துவார், கோபம் வந்தால் யாருக்கும் அடங்க மாட்டார். அம்மா நேரம் காலம் பார்க்காமல் துணி துவைத்துச் சம்பாதித்தார். ஒரு கட்டத்தில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வீட்டைவிட்டே வெளியேற வேண்டிவந்தது. இங்கே கொஞ்ச நாள், அங்கே கொஞ்ச நாள் என்று அலைந்து கடைசியில் ஒரு நெரிசலான குடியிருப்பில் ஒதுங்கினார்கள். அங்கே ஒரு அறைக்கு மூன்று குடும்பம். அழுக்கு, பசி, சண்டை, நோய் எல்லாம் கூடவே குடியிருந்தன.

பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையில் அந்தப் பாலிய காலத்தைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் லார்சன் மிகக் கசப்பாகவே எழுதினார். மற்றவர்களுக்கு வீடு என்றால் பாதுகாப்பு. அந்தப் பையனுக்கு வீடு என்றால் பயம்.

கைகொடுத்த பென்சில்

ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தபோது, பையனுக்கு வரையும் கை இருப்பதை ஓர் ஆசிரியர் கவனித்தார். கலை அகாடமிக்கு விண்ணப்பிக்கச் சொன்னதும் அவர்தான். 13 வயதில் இடம் கிடைத்துவிட்டது. ஆரம்பத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் கூச்சத்தோடு ஒதுங்கியே இருந்தார். போகப் போக நிலைமை மாறியது. நகைச்சுவைப் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம், செய்திப் பத்திரிகைக்குப் படம் என்று வரைந்து சம்பாதிக்க ஆரம்பித்தார். அந்தப் பணத்தில் பெற்றோருக்கும் உதவினார்.

1877-ல் பாரிஸ் போனார். பெரிய எண்ணெய் ஓவியங்கள் வரைந்து பெயர் வாங்க வேண்டும் என்பது கனவு. நடக்கவில்லை. வருஷக்கணக்கில் தோல்விதான். 1882-ல் பாரிஸுக்கு வெளியே கிரே-சுர்-லுவான் என்ற கிராமத்துக்குப் போனார். சுவீடன் ஓவியர்கள் பலர் அங்கே கூடியிருந்தார்கள். எண்ணெய் வண்ணத்தை ஓரம்கட்டிவிட்டு நீர்வண்ணத்தைக் கையில் எடுத்தார். வெளிச்சமான, லேசான படங்கள் பிறந்தன. திருப்புமுனை அதுதான்.

இன்னொரு திருப்புமுனையும் அதே கிராமத்தில் காத்திருந்தது. அவர்தான் காரின் பெர்கோ. வசதியான வியாபாரியின் மகள். அதே ஸ்டாக்ஹோம் அகாடமியில் படித்த ஓவியர். 1883-ல் இருவருக்கும் திருமணம். அடுத்த வருஷம் முதல் குழந்தை. மொத்தம் எட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள். அதில் ஒரு குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள் இறந்துவிட்டது.

மாமனார் கொடுத்த சின்ன வீடு

1888-ல் காரினின் அப்பா, சுண்ட்பார்ன் கிராமத்தில் இருந்த ஒரு மரவீட்டை இவர்களுக்குக் கொடுத்தார். ஆற்றங்கரை வீடு. பெயர் லில்லா ஹிட்னாஸ். லில்லா என்றால் சுவீடிஷ் மொழியில் சின்ன என்று அர்த்தம். பெயருக்கேற்ற மாதிரி அளவில் சிறியதுதான், தோற்றத்திலும் சாதாரணம்தான்.

பக்கத்து ஊரான ஃபாலுனில் பழைமையான செம்புச் சுரங்கம் உண்டு. அந்தச் சுரங்கத்தின் கழிவு மண்ணில் இருக்கும் இரும்புத் தாதுவிலிருந்துதான் சுவீடன் கிராமத்து வீடுகளில் பூசும் அந்தப் பிரபலமான சிவப்புச் சாயம் வருகிறது. மரத்தை மழையிலிருந்தும் காக்கும், விலையும் குறைவு. லார்சன் வீட்டுக்கும் வெளியே அதே சிவப்புதான்.

முதலில் கோடைக்கு மட்டும் வந்து தங்கினார்கள். 1901-ல் நிரந்தரமாகவே குடிவந்தார்கள். ஒரே தடவையில் திட்டம் போட்டு இடித்துக் கட்டவில்லை. பிள்ளை பிறந்தால் ஒரு அறை, வேலை பெருகினால் ஒரு ஸ்டூடியோ என்று கையில் காசு வரவர வீடும் வளர்ந்தது.

அந்த வீட்டில் அப்படி என்ன இருந்தது?

அந்தக் காலத்து ஐரோப்பிய நடுத்தர வர்க்க வீடுகளை நினைத்துப் பாருங்கள். கனமான கருஞ்சிவப்புத் திரை, வெளிச்சம் புகாத ஜன்னல், மெத்தை தைத்த நாற்காலிகள், இண்டு இடுக்கெல்லாம் அலங்காரப் பொருள். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் ஒரு வரவேற்பறை. பிள்ளைகள் அந்தப் பக்கம் போனாலே திட்டு விழும்.

லார்சன் தம்பதி இதைத் தலைகீழாக மாற்றினார்கள்.

வெளிச்சம்: சுண்ட்பார்னில் டிசம்பர் மாதத்தில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. அதனால் ஜன்னலை மறைக்கும் கனமான திரையை அகற்றினார்கள். ஜன்னல் விளிம்பில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தார்கள். வருகிற கொஞ்ச வெளிச்சமும் உள்ளே வர வேண்டும் என்பதுதான் கணக்கு.

நிறம்: சாப்பாட்டு அறையில் பச்சையும் சிவப்பும். இன்னொரு அறையில் வெள்ளையும் நீலமும். ஒவ்வொரு அறைக்கும் அங்கே நடக்கும் வேலைக்கு ஏற்ற ஒரு குணம் இருந்தது.

பழைய சாமான்: பரம்பரையாக வந்த நாற்காலி, மேசைகளைத் தூக்கிப் போடவில்லை. புதிதாக வண்ணம் பூசி, உறை மாற்றி, மறுபடி பயன்படுத்தினார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய பாணியும் கிராமத்துத் தச்சர் செய்ததும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

மனிதர்கள்: கதவுப் பலகைகளில் கார்ல் தன் குடும்பத்தாரையே வரைந்தார். கடையில் வாங்கிய படத்தை மாட்டுவதைவிட, வீட்டில் இருப்பவர்களே சுவரில் இருப்பது அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

பிள்ளைகள்: எந்த அறையும் பிள்ளைகளுக்குத் தடை இல்லை. அவர்கள் விளையாடுவதும், படிப்பதும், மூலையில் நின்று அடம்பிடிப்பதும் வீட்டின் அழகில் ஒரு பகுதியானது.

அந்தக் கை யாருடையது?

இங்கேதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது. கதவில் படம் வரைந்தது கார்ல். சரி, மற்றதெல்லாம்?

பெரும்பாலும் காரின். கல்யாணத்துக்குப் பிறகு தூரிகையை அவர் ஏறக்குறைய கீழே வைத்துவிட்டார். ஏழு பிள்ளைகள், தோட்டம், சமையல், வந்துபோகும் விருந்தாளிகள் என்று நாள் ஓடியது. ஆனால், அந்தக் கலைஞர் எங்கும் போய்விடவில்லை. கேன்வாஸுக்குப் பதில் தறியைப் பிடித்துக்கொண்டார். மேசை விரிப்பு, மெத்தை உறை, சுவர்த் தொங்கல், திரைச்சீலை எல்லாம் அவர் வடிவமைத்து நெய்தவை, தைத்தவை. கிராமத்துப் பழைய நெசவுகளைக் கூர்ந்து பார்த்தார். அதிலிருந்து யாரும் அதுவரை செய்யாத துணிச்சலான வடிவங்களை உருவாக்கினார். இரண்டு அறைகளுக்கு நடுவே தொங்கும் ‘காதல் ரோஜா’ திரைச்சீலை அவற்றில் புகழ்பெற்றது. இன்றைக்குப் பார்த்தாலும் அது பழசாகத் தெரியாது.

நாற்காலி, அலமாரி போன்றவற்றையும் அவரே வடிவமைத்தார். ஊர்த் தச்சர்கள் செய்துகொடுத்தார்கள். பிள்ளைகளுக்கும் தனக்கும் இறுக்கிப் பிடிக்காத, வேலைக்கு வசதியான உடைகளையும் அவரே தைத்தார்.

ஒரு மழைக் கோடை

1890-களின் நடுவில் ஒரு கோடை. வெளியே போய் வரைய முடியாதபடி மழை கொட்டியது. கார்லுக்கு எரிச்சல். சும்மா இருப்பதற்கு வீட்டையே வரையலாமே என்று யோசனை சொன்னவர் காரின்தான். கார்ல் ஒவ்வொரு அறையாக நீர்வண்ணத்தில் வரைய ஆரம்பித்தார். அந்தப் படங்கள் 1897-ல் ஸ்டாக்ஹோம் கண்காட்சியில் வைக்கப்பட்டன. 1899-ல் 24 படங்களோடு ‘ஒரு வீடு’ என்ற புத்தகம் வந்தது. வண்ண அச்சு அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. ஓவியக்கூடத்துக்குப் போகாதவர்களின் கைக்கும் படங்கள் போய்ச் சேர்ந்தன.

அதே 1899-ல்தான் சுவீடன் எழுத்தாளர் எல்லன் கேயின் ‘எல்லோருக்கும் அழகு’ நூலும் வந்தது. அழகான வீடு பணக்காரர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்ற பேச்சு நாட்டில் பரவிக்கொண்டிருந்த நேரம். லார்சன் வீடு அதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம் ஆனது.

1909-ல் ஜெர்மனியில் ‘வெயிலில் ஒரு வீடு’ என்ற பெயரில் விலை குறைந்த பதிப்பு வந்தது. மூன்றே மாதத்தில் 40,000 பிரதிகள் விற்றன. சுவீடனின் ஒரு கிராமத்துச் சாப்பாட்டு மேசை, எங்கேயோ இருக்கிற குடும்பங்களின் கனவாக மாறியது.

வெயிலுக்குப் பின்னால் இருந்த நிழல்

படத்தில் எப்போதும் வெயில். வாழ்க்கையில் அப்படி இல்லை. 1905-ல் மூத்த மகன் உல்ஃப் 18 வயதில் குடல்வால் அழற்சியால் இறந்துபோனார். கார்லை மனச்சோர்வு அவ்வப்போது பிடித்துக்கொண்டது.

வீட்டுப் படங்களைவிடப் பெரிய சுவரோவியங்களைத்தான் தன் உண்மையான சாதனையாக அவர் நினைத்தார். ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்துக்காக ‘நடுக்குளிர்காலப் பலி’ என்ற பிரமாண்ட ஓவியத்தை 1915-ல் முடித்தார். பஞ்சம் தீர மன்னரே பலியாகும் பழங்கதை அது. அருங்காட்சியகம் ஏற்க மறுத்தது. அந்த அடியிலிருந்து அவர் மீளவே இல்லை. 1919 ஜனவரி 22-ம் தேதி, 65 வயதில் காலமானார். பிற்பாடு அந்த ஓவியம் ஜப்பான்வரை விற்கப்பட்டுப் போனது. 1997-ல் அதே அருங்காட்சியகம் அதை விலைகொடுத்து வாங்கியது. எந்தச் சுவருக்காக வரையப்பட்டதோ, அதே சுவரில் இன்று அது இருக்கிறது.

காரின் 1928-ல் இறந்தார். அவருடைய பங்கை உலகம் உணர இன்னும் காலம் பிடித்தது. 1997-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி நடத்தியது. சுவீடன் பாணியின் படைப்பாளிகள் என்று கார்ல், காரின் இருவர் பெயரையும் சேர்த்தே அதன் தலைப்பில் போட்டார்கள். கணவரின் ஓவியங்களில் பிள்ளைகளோடும் வேலையோடும் தென்பட்ட பெண்தான் அந்த ஓவியங்களுக்குள் இருந்த வீட்டையே படைத்தவர் என்று அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

லில்லா ஹிட்னாஸ் இன்றும் லார்சன் வாரிசுகளின் பராமரிப்பில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

அங்கே விலை உயர்ந்த பொருள் என்று கண்ணைப் பறிப்பது அதிகம் இல்லை. இருப்பதை வைத்துச் செய்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார்கள். விருந்தாளி என்ன நினைப்பார் என்பதைவிட, வீட்டில் இருப்பவர்கள் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள், எந்த ஜன்னலில் வெளிச்சம் வரும் என்று பார்த்தார்கள். பாட்டி கொடுத்த பெட்டி, பிள்ளை கிறுக்கிய படம், கையால் தைத்த உறை என இவற்றுக்குத்தான் ஒரு அறையை நம்முடையதாக மாற்றும் சக்தி உண்டு.

ஒரு அறையில் மூன்று குடும்பம் நெருக்கியடித்த இடத்தில் வளர்ந்த பையன், தன் பிள்ளைகளுக்குப் பயமில்லாத வீட்டைக் கொடுக்க நினைத்தான். அதை அவனால் தனியாகச் செய்திருக்க முடியாது. நீங்கள் அடுத்த முறை ஒரு அழகான வீட்டுக்குள் நுழைந்தால், சுவரில் இருக்கும் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மேசை விரிப்பைத் தைத்தது யார் என்றும் கேட்டுப் பாருங்கள்.