பராந்தகனின் வாளும் உத்திரமேரூரின் குடமும்

முதலாம் பராந்தக சோழன் ஏறத்தாழ 907இல் அரியணை ஏறினான். பாண்டியன் இராசசிம்மனை வென்று மதுரை கொண்டவன் எனப் பெயர் பெற்றான். பாண்டியனுக்குத் துணைவந்த ஈழப்படையையும் வெள்ளூரில் முறியடித்தான். படையெடுப்புகளுக்கு வேண்டிய பொருளை ஊர்களின் நிலவரி தந்தது. ஊர்களையோ நிலமுடையோரின் சபைகள் ஆண்டன.

919இலும் 921இலும் அரச அதிகாரி முன்னிலையில் உத்திரமேரூர்ப் பிராமணச் சபை குடவோலை விதிகளை வகுத்தது. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேத அறிவும் உறுப்பினராவதற்குரிய தகுதிகள். கணக்குக் காட்டாதவரை விலக்கிய நேர்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் நிலமும் வேதமும் மறுக்கப்பட்ட உழைக்கும் மக்களின் பெயர் அக்குடத்துள் விழ வழியே இல்லை.

949இல் தக்கோலப் போரில் பராந்தகனின் மகன் இராசாதித்தன் மாண்டான். தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் வசமாயிற்று. வாளால் வென்ற நிலம் கைவிட்டுப் போயிற்று. அவன் ஆட்சி உறுதிசெய்த சமூக அடுக்கோ நிலைத்தது. ஒரு நூற்றாண்டுக்குள் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனியே குறிக்கின்றன.

குடவோலையை மக்களாட்சியின் தொட்டில் எனப் போற்றுவோருக்கு நாம் நினைவூட்டுவது இதுவே: உத்திரமேரூரின் சேரிக்கு வாக்குரிமை தந்தது அந்தக் குடமன்று, 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம்.