பயணத்தால் களைத்தவர்

விவிலியத்தின் கடைசிப் பக்கங்களில் திருத்தூதர் பவுலின் பயணங்கள் வண்ணக் கோடுகளாக வரையப்பட்டிருப்பதைப் பார்த்திருப்போம். விரலை வைத்து இழுத்தால் அந்தியோக்கியாவிலிருந்து கொரிந்து வரை அரை நிமிடத்தில் போய்விடலாம். ஆனால் தம் பயணங்களைக் குறிக்கப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் அத்தனை இலகுவானதல்ல.

அச்சொல் 'ஹொதொய்பொரியா'. 'ஹொதோஸ்' என்றால் வழி. வழிநடந்து செல்வது ஹொதொய்பொரியா. புதிய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று, நடந்து களைத்த இயேசு நண்பகலில் யாக்கோபின் கிணற்றருகே அமரும் இடம் (யோவா 4:6). மற்றொன்று, பவுல் தாம் பட்ட பாடுகளை அடுக்கும் இடம் (2 கொரி 11:26). இரண்டு இடங்களிலும் களைப்பு கூடவே நிற்கிறது.

தர்சு நகரில் பிறந்து, எருசலேமில் கமாலியேலிடம் கற்றவர் பவுல். கூடாரம் செய்வது அவர் தொழில். கிறிஸ்துவின் நெறியைச் சார்ந்தவர்களைக் கைதுசெய்யத் தமஸ்குவுக்குப் புறப்பட்டார். அந்த 'நெறி'க்கு லூக்கா எழுதும் சொல்லும் 'ஹொதோஸ்' தான். வழியிலேயே பார்வை இழந்து, பிறர் கைபிடித்து நடத்த நகருக்குள் போனார்.

ஏறத்தாழ கி.பி. 46-இல் பர்னபாவுடன் முதல் பயணம். பெருகையிலிருந்து தாவுரு மலைத்தொடரைக் கடந்து, 3,000 அடிக்கும் மேலான பிசிதிய அந்தியோக்கியாவுக்கு ஏற வேண்டும். உடன் வந்த மாற்கு எனும் யோவான் பெருகையிலேயே விலகித் திரும்பிவிட்டார். பவுல் இதை எளிதில் மறக்கவில்லை. பின்னர் இவரை முன்னிட்டே பர்னபாவோடு கடுமையாகக் கருத்து வேறுபட்டுப் பிரிந்தார். புனிதர்களிடையே இப்படியும் நடந்திருக்கிறது! லிஸ்திராவில் பவுலைக் கல்லால் எறிந்து, இறந்துவிட்டார் என நினைத்து நகருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். எழுந்தார், நகருக்குள் போனார், மறுநாள் தெருபைக்கு நடந்தார்.

50-களின் நடுவில் கொரிந்து சபையில் சிலர் வந்து, தங்களையே உயர்ந்த திருத்தூதர்களாகக் காட்டிக்கொண்டார்கள். பவுலின் பணி உண்மையானதுதானா என்ற கேள்வி எழுந்தது. தாம் தோற்றுவித்த சபைகளையும் திருமுழுக்குப் பெற்றோரின் எண்ணிக்கையையும் அவர் சான்றாகக் காட்டியிருக்கலாம்; பங்கின் ஆண்டறிக்கை எழுதும் நாம் அப்படித்தான் செய்கிறோம். அவரோ ஐந்து முறை சாட்டையடி, மூன்று முறை தடியடி, மூன்று முறை கப்பற் சேதம், ஆறுகள், கள்வர், பசி, தூக்கமின்மை என்று எழுதுகிறார். அந்தப் பட்டியலுக்குள்தான் 'ஹொதொய்பொரியா' இருக்கிறது. தம் ஆண்டவரைக் கிணற்றருகே உட்காரவைத்த அதே களைப்பே அவரது சான்று. மால்தா அருகே கப்பல் உடைந்தது இதற்கும் பிறகு!

கைதியாக உரோமையை நெருங்கியபோது, அங்கிருந்த சகோதரர்கள் ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அப்பியு சந்தைவெளி வரை வந்து அவரை எதிர்கொண்டார்கள். அவர்களைக் கண்டபின்தான் பவுல் துணிவு கொண்டார் என்று லூக்கா குறிக்கிறார். இத்தனை ஆண்டுகள் பிறரைத் திடப்படுத்தியவருக்கும் எதிர்கொண்டு வர ஆள் தேவைப்பட்டது.

திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தில், சிறையிலிருக்கும் பவுல் சில பொருள்களைக் கேட்கிறார்: துரோவாவில் விட்டுவந்த போர்வை, நூல்கள், தோற்சுருள்கள். குளிர்காலத்துக்கு முன் வரச் சொல்கிறார். வரும்போது மாற்கையும் கூட்டிவரச் சொல்கிறார்.